ஜாடியில் ஆறு திருகாணிகள்

கசாமா யசுஹிகோவுக்குத் திருகாணி என்றாலே ஆகாது. வரைந்தவனுக்கு யோசிக்கச் சோம்பல் வந்த இடத்தில்தான் ஒரு திருகாணி முளைக்கும் என்பார். சன்ஜோ ஊரில் நாங்கள் மண்ணெண்ணெய் ஹீட்டர் செய்த தொழிற்சாலையில் அவர் டிசைன் பிரிவில் இருந்தார். ஹீட்டரை எரிய வைப்பது மற்றவர்கள் பாடு. அதைச் சுலபமாகப் பூட்ட வைப்பது அவர் பாடு. புது மாடல் வந்தால் முழுவதும் பிரித்து மேசையில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து, "நீ எதுக்குய்யா இருக்கே?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாத துண்டு அடுத்த வருடம் இருக்காது. அப்படி ஒழித்த ஒவ்வொரு திருகாணியிலும் ஒன்றை எடுத்து ஊறுகாய் ஜாடியில் போட்டு மேசையில் வைத்திருந்தார்.

நான் சோதனை அறைக்காரன். அவர் வரைந்ததை ஆட்டியும் போட்டும் உடைத்தும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவன். எனக்கு அந்த ஜாடியைக் கண்டால் எரிச்சல். ஆனால் ஹீட்டர் பாகங்களைப் பூட்டும் வரிசையில் நின்ற பெண்களுக்கு அவர் தெய்வம் மாதிரி. வருடத்துக்கு ஒரு மாதம் அவர்களோடு கையுறை மாட்டி நின்று வேலை செய்வார். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அவர்களில் ஷிகெனோ ஹருயோவுக்கு வலித்தது வலது மணிக்கட்டு. அவர் பூட்டியது ஆட்டப் பெட்டியை. நிலம் ஆடினால் அதற்குள் இருக்கும் இரும்புக் குண்டு உருளும், எண்ணெய் அடைபடும், தீ அணையும். எங்கள் ஊரில் அது இல்லாத ஹீட்டரை வீட்டுக்குள் விட மாட்டார்கள். அந்தப் பெட்டியை இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. இரண்டும் உள்ளே, கை நுழையாத மூலையில். கசாமா அவற்றை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கிளிப் வைத்தார். தள்ளினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான் வேலை. சத்தம் கேட்டால் அடுத்ததுக்குப் போகலாம் என்று அவரே வரிசையில் நின்று சொல்லிக்கொடுத்தார். ஷிகெனோ மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டார்.

அந்தக் கிளிப்பை நான் இரண்டாயிரம் தடவை பூட்டிக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி வந்தது. பனி கூரை விளிம்புவரை ஏறியிருந்தது. இரண்டாம் வாரத் திங்கட்கிழமை காலையில் ஷிகெனோ தலைக்கு மேல் தொங்கிய, வரிசையை நிறுத்துகிற கயிற்றை இழுத்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது, வரிசை முழுக்க நின்றது. கசாமா ஓடி வந்தார்.

"சத்தம் சரியில்ல, கசாமா-சான்."

"எப்படிச் சரியில்ல?"

"சொல்லத் தெரியல. வறண்டு கேக்குது."

கசாமா சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து கிளிப் வைத்திருப்பார். ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் தள்ளினார். டிக். இன்னொன்று. டிக். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஷிகெனோ-சான் காதுக்குள் பனி அடைத்திருக்கிறது என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. கசாமாவும் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தார். பதினோரு நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்ததற்காக ஷிகெனோ மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு அவர் கயிற்றைத் தொடவில்லை.

பிப்ரவரியில் பனிப்புயல் வந்து மூன்று நாள் தொழிற்சாலையை மூடினார்கள். திறந்த அன்று முதல் ஆளாக என் அறைக்குள் நுழைந்தேன். ஹீட்டர் சோதிக்கிற அறை அது. வருடம் முழுக்க நாலு ஹீட்டராவது எரியும், குளிர்காலத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். அன்றைக்கு எதுவும் எரியவில்லை. மூச்சு புகையாக வந்தது. மேசையில் கிடந்த கிளிப்பைச் சும்மா எடுத்துத் தள்ளினேன். டிக். லேசாக இழுத்தேன். கையோடு வந்தது. ஒரு கால் முறிந்திருந்தது.

இன்னொன்று தள்ளினேன். டிக். அதுவும் முறிந்தது. பூட்டுகிற சத்தமும் முறிகிற சத்தமும் ஒன்றே. என் இரண்டாயிரம் தடவையும் கதகதப்பில் நடந்தது. கசாமாவின் கிளிப் அவர் நெஞ்சுச் சூட்டில் இருந்தது. வரிசைக்குப் போன கிளிப்புகளோ வெளிக் கொட்டகையில் இரவெல்லாம் கிடந்து விறைத்தவை.

கசாமாவிடம் சொன்னேன். அவர் ஜன்னலைத் திறந்தார். ஒரு கிளிப்பை ஜன்னல் விளிம்புப் பனியில் செருகிவிட்டு ஒரு சிகரெட் முழுக்கப் புகைத்தார். பிறகு அதை எடுத்துத் தள்ளினார். பையிலிருந்து வேறொன்றை எடுத்தும் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நகுமோ, உனக்கு வித்தியாசம் தெரியுதா?"

"இல்ல."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சிரிச்சேன்."

முறிந்த கிளிப் உடனே விழாது, அதுதான் பயங்கரம். மற்றக் காலில் தொற்றிக்கொண்டு கடைசிச் சோதனையைத் தாண்டிவிடும். வீட்டில் ஹீட்டரின் விசிறி அதிர அதிர ஒருநாள் நழுவும். பெட்டி சாய்ந்து மூலையில் சிக்கிக்கொண்டால் உள்ளே குண்டு உருளாது. ஹீட்டர் மட்டும் நன்றாக எரியும். நிலம் ஆடும்வரை வீட்டுக்காரனுக்கு எதுவும் தெரியாது.

பிரிவுத் தலைவர் ஒயாமா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் முப்பதாயிரம் ஹீட்டர் போயிருக்கிறது, எது முறிந்தது எது முறியவில்லை என்று யாருக்குத் தெரியும், புகார் வரட்டும் பார்க்கலாம் என்றார். கசாமா குரலை உயர்த்தாமல், "வீடு எரிஞ்சு செத்தவன் எப்படிப் புகார் எழுதுவான்?" என்று கேட்டார். ஒயாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து கசாமா நேராக வரிசைக்குப் போனார். ஷிகெனோவின் முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்து, எல்லோரும் பார்க்க, நிமிராமல் நின்றார். ஷிகெனோவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வறண்ட சத்தம் கேட்ட ஒவ்வொரு ஹீட்டரின் எண்ணும் அதில் இருந்தது. மொத்தம் அறுபத்தெட்டு.

"கயித்த இழுக்கத் தைரியம் வரல. எழுத மட்டும் வந்துச்சு."

எண்கள் கையில் வந்த பிறகு தெரியாது என்று ஒயாமா சொல்ல முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர் போகலாம், ஆனால் வழக்கமான பரிசோதனை என்றுதான் சொல்ல வேண்டும், பத்திரிகையில் ஒரு வரி வரக்கூடாது என்றார். அதற்கு நாங்கள் தலையாட்டினோம். இன்றைக்கும் என்னை அறுப்பது அந்தத் தலையாட்டல்தான்.

தகடு வெட்டுகிற பழைய அச்சை மாற்றாததால் தகட்டில் அந்த இரண்டு திருகாணித் துளைகளும் அப்படியே இருந்தன. கசாமா ஜாடியைக் கவிழ்த்துத் தன் பதினெட்டு வருடப் பெருமையைக் குப்பையில் கொட்டினார். கிடங்கிலிருந்து நூற்று முப்பத்தாறு திருகாணிகளை எண்ணி எடுத்து வந்து காலி ஜாடியில் போட்டார். கடைகளில் உத்தரவாத அட்டைகளைப் புரட்டி வீடு வீடாகப் போய் ஒவ்வொரு ஹீட்டருக்கும் இரண்டு திருகாணி பூட்டினோம். போன இடமெல்லாம் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் வைத்து, இந்தப் பனியில் வந்தீர்களே, உங்கள் கம்பெனி போல வராது என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டே ஊறுகாயைத் தின்றோம். தோகமாச்சியில் ஒரு வீட்டில் எரிந்துகொண்டிருந்த ஹீட்டரை அணைத்துப் பின்பக்கம் திறந்தேன். பெட்டி கம்பியில் தொங்கியது. இரண்டு முழம் தள்ளிக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கசாமா திருகாணியை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிப் பூட்டினேன்.

மே மாதத்துக்குள் அறுபத்தைந்து கிடைத்தன. மீதி மூன்றும் ஷிபாதாவில் ஒரு சந்தைக் கடையில் அட்டை எழுதாமல் விற்றவை. வாங்கியவர் யார், எந்த ஊர் என்று கடைக்காரருக்கே நினைவில்லை. பத்திரிகையில் ஒரு வரி போட்டிருந்தால் வந்திருப்பார்கள். கசாமா மறுபடி ஒயாமாவிடம் போய்க் கேட்டார். முடியாது என்ற பதில்தான் வந்தது. வேலையை விட்டுவிட்டுத் தானே பத்திரிகைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் செய்யவில்லை.

தான் மறுபடி கயிற்றை இழுத்திருக்க வேண்டும் என்று ஷிகெனோ ஒருநாள் அழுதார். "நீங்க இழுத்தீங்க. நான்தான் விளக்க அணைச்சேன்" என்றார் கசாமா.

பிறகு அவர் வரைந்த ஒவ்வொரு கிளிப்பும் உணவுக்கூடத்து ஐஸ் பெட்டியில் ஓர் இரவு கிடந்த பிறகே என் அறைக்கு வந்தது. திருகாணியைப் பற்றி யாரிடமும் கேலி பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் எங்கே நிலம் ஆடினாலும் எனக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"எங்க?"

ஊரைச் சொல்வேன்.

"தீ?"

இல்லை என்றால் வைத்துவிடுவார். ஆமாம் என்று சொல்ல நேர்ந்த நாட்களில் எரிந்த வீட்டில் என்ன ஹீட்டர் இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. அன்றைக்கு அவர் போனை வைக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார்.

கசாமா போன வருடம் இறந்தார். அவர் மனைவி, மிஞ்சிய ஆறு திருகாணிகளோடு ஜாடியைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அலமாரியில் வைத்திருக்கிறேன். நேற்றுப் பிற்பகல், விளக்கு ஆடுவதற்கு முன்னாலேயே அந்த ஆறு திருகாணிகளும் கண்ணாடியில் கிலுகிலுவென்று உரசின. என் கை போனுக்குப் போய் நின்றது.

முப்பது வருடப் பழைய ஹீட்டரை இன்னும் யார் எரிக்கப் போகிறார்கள் என்று என் மனைவி கேட்கிறாள். அவளுக்குத் தெரியாது. எங்கள் ஹீட்டர் லேசில் கெடாது.