பட்டாளத்துத் தாத்தாவின் வலது கை

நவம்பர் பிறந்தால் இங்கே, வட இங்கிலாந்தில், ஆண் பெண் அத்தனை பேரும் சட்டையில் ஒரு சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொள்கிறார்கள். நம்மூரில் நாலு பேர் ஒரே மாதிரிப் பூக் குத்தி வந்தால் ஒன்று மாப்பிள்ளை வீட்டார், இல்லையென்றால் கட்சிக்காரர்கள். போன நவம்பரில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குத் தன் அம்மாவைப் பார்க்க வரும் கீத்திடம், "இது எந்தக் கட்சி?" என்று கேட்டுத் தொலைத்தேன். போரில் செத்தவர்களுக்காக என்றார் மனிதர், முகம் சுண்டிப்போய். சமாளிக்க வேண்டுமே! "எங்கள் வீட்டிலும் ஒருவர் உங்கள் ராஜாவுக்காகப் பர்மாவில் சண்டை போட்டார்" என்று எடுத்துவிட்டேன். அவர் உள்ளூர்ப் போர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் என்பது எனக்கென்ன தெரியும்? அன்றிலிருந்து ஆள் என்னை விடவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே பட்டாளத்தார் வீடு. என் தாத்தாவின் அண்ணன் சவரிமுத்து, காக்கிச் சட்டையோடு நடுவீட்டில் படமாகத் தொங்குகிறார். அவருடைய வலது கை கீழே நீண்டு, மரச்சட்டத்துக்கு அப்பால் போய்விடும். அந்தக் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தத் துப்பாக்கியின் புண்ணியத்தில்தான் தை மாதத் திருவிழாவில் அந்தோணியார் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு. இந்தத் தடவை மேலத்தெருக்காரர்கள் மறித்துவிட்டார்கள். அத்தாட்சி காட்டு, இல்லாவிட்டால் முதல் தோள் எங்களுக்கு என்று பங்குச் சாமியார் முன்னாலேயே கேட்டுவிட்டார்களாம். சூசை சித்தப்பா போனில் அழாத குறை.

"தாயி, நீ லண்டன்லதான இருக்க? ஒரு எட்டு போயி ராசா ஆபீஸ்ல கேட்டுட்டு வா. வெள்ளக்காரன் துண்டுக் காயிதத்தக்கூடத் தூர எறிய மாட்டான்."

லண்டனுக்கு இங்கிருந்து ரயிலேறினால் அரைநாள் போய்விடும். அதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. கீத்திடம் கேட்டால், இந்தியச் சிப்பாய்களின் விவரம் பெரும்பாலும் இந்தியாவில்தான் இருக்கும் என்கிறார். நல்ல கூத்து! கடைசியில், படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி முழுசாக அனுப்பச் சொல்லுங்கள், உடுப்பைப் பார்த்தே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம் என்றார். சித்தப்பா கண்ணாடி உடையும் என்றார், கரையான் அரித்திருக்கும் என்றார். திருவிழா நெருங்கவும் வேறு வழியில்லாமல் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, கடையில் கொடுத்துக் கழற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

கை நீண்டது. விரல்கள் வந்தன. விரல்களில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், தாடி வைத்த வெள்ளாட்டுக் கிடாய் ஒன்று என்னை முறைத்துக்கொண்டு நின்றது. பின்னால் கூடாரங்களும் இன்னும் ஒரு மந்தையும்.

கீத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டப்பா இறைச்சியைத் தொடாத இந்தியச் சிப்பாய்களுக்காக ஆடுகளை உயிரோடு போர்முனை வரை கொண்டுபோவார்களாம். அதற்கென்றே உடுப்புப் போட்ட ஆட்கள் இருந்தார்களாம். இப்படி ஒரு படம் கிடைப்பது அபூர்வம் என்று குதித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குண்டு விழும் காட்டில் ஆட்டையும் காப்பாற்றித் தன்னையும் காப்பாற்றிக்கொண்டு வருவது லேசுப்பட்ட காரியமா? சித்தப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

"ஆடு மேய்க்கிறதுக்கு எதுக்குத்தா பர்மா? அய்யலூர் ஆட்டுச் சந்தை பத்தாதா? வெளிய சொன்னா மேலத்தெருக்காரன் காறித் துப்புவான்."

"இம்புட்டு நாளா உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா?"

"எங்கப்பாரு தெரியாமலா தாயி சட்டம் போட்டாரு?" என்றார்.

கீத் எங்கள் ஊருக்குக் காட்டவென்று கழுத்துப்பட்டை கட்டி, சவரிமுத்துவின் பெயரைச் சொல்லி, நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட் அடித்து, ஆட்டு மகிமையை விரிவாகப் பேசி வீடியோ அனுப்பினார். சித்தப்பா சல்யூட் வரைக்கும் வைத்துக்கொண்டு, ஆட்டுப் பேச்சை வெட்டிவிட்டார். கோயில் வாசலில் அது ஓடியதும் ஊரே கைதட்டியதாம். ஒரு வெள்ளைக்காரர் சல்யூட் அடித்த பிறகு அத்தாட்சியாவது, மண்ணாவது! முதல் தோள் எங்கள் வீட்டுக்கே. படம் பழைய சட்டத்துக்குள் போய்விட்டது.

இந்த நவம்பரில் கீத்தின் சங்கம் அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கிடாயோடு, நகர மண்டபத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் அதன் தாடியைத் தடவிவிட்டுப் போகிறார்கள். சித்தப்பாவுக்குச் சந்தோஷமாகச் சொன்னேன்.

"அந்த ஆடு அங்கயே இருக்கட்டும். வரும்போது கூட்டிட்டு வந்துறாத," என்றார். பிறகு அவர் குரல் குழைந்தது. "ஒன் படத்தையும் சட்டம் போட்டு அவரு பக்கத்துலயே மாட்டிட்டேன் தாயி. லண்டன் நர்ஸுனு எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாக."

ஊரிலிருந்து வந்த முதல் வாரம் நான் அனுப்பிய படம் அது. நீல உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு கைகளும் கீழே நீண்டிருக்கும். அந்தக் கைகள் பிடித்திருப்பது கிழவர்களின் மலச்சட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டியை.

"சட்டம் எதுவரைக்கும் சித்தப்பா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"இடுப்பு வரைக்கும்தான். நீ கவலப்படாத."