லொரெட்டா வீட்டுத் துணிக்கொடி

அம்ப்ரோஸுக்கு மாமியார் லொரெட்டா மேல் இருபத்திரண்டு வருஷக் கோபம் ஒன்று உண்டு. பெரிய விஷயம் இல்லை, துணி காயப்போட்ட விஷயம்தான். சொன்னால் சிரிப்பார்கள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஷியர்ஸ் குடா என்கிற அந்தச் சின்ன மீன்பிடி ஊரில் அது தெரியாத ஆளே கிடையாது.

கல்யாணமான முதல் வாரம் நடந்தது அது. சொந்தமாக வீடு கட்டும் வரைக்கும் என்று சொல்லிப் பெண்டாட்டி மோனாவின் அம்மா வீட்டில் வந்து இறங்கியிருந்தான். சும்மா உட்கார்ந்து தின்கிறான் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று, திங்கட்கிழமை காலை ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பலகைத் தளத்துக்குப் போனான். அங்கிருந்து முற்றத்துக் கடைசிக் கம்பம் வரை கொடி ஓடும். இரண்டு முனையிலும் கப்பி. நின்ற இடத்திலேயே ஒரு துணியை மாட்டிக் கயிற்றை இழுத்தால் அது கடல் பக்கம் நகரும், அடுத்ததை மாட்டலாம். தளத்தைச் சுற்றிக் காற்றுக்கு அடைத்த பலகைச் சுவர் இருப்பதால் மாட்டுகிற ஆள் குடாவின் அக்கரைக்குத் தெரியமாட்டான். துணி மட்டும்தான் தெரியும்.

அம்ப்ரோஸ் சட்டைகளைத் தோளில் கிளிப்பு போட்டு மாட்டினான். மனுஷன் சட்டை போடுகிற மாதிரியே. உள்ளே வந்து டீயை வாயில் வைப்பதற்குள் லொரெட்டா வெளியே போய் எல்லாவற்றையும் இழுத்து உருவிக் கூடையில் போட்டாள். பிறகு முதலில் இருந்து தொடங்கினாள். விரிப்பு, துண்டு, சட்டை என்று அவளுடைய வரிசை. சட்டை எல்லாம் அடிவிளிம்பில் மாட்டித் தலைகீழாக. அக்கரையில் பதினேழு வீடு. போன துணி மொத்தமும் திரும்பி வந்து, மறுபடி வேறு வரிசையில் போனதைப் பதினேழு வீடும் பார்த்தது. மத்தியானம் படகுத்துறையில் கால் வைத்ததும் ஒருத்தன் கேட்டான்: "என்ன அம்ப்ரோஸ், ஒன்னைய எப்படி மாட்டிருக்கா? நேராவா, தலைகீழாவா?"

அன்றைக்குப் பிறகு அவன் கொடியைத் தொடவில்லை. சொந்த வீடும் கட்டவில்லை. ஏப்ரலில் இருந்து ஜூலை வரைக்கும் நண்டுப் படகு, மிச்ச மாசமெல்லாம் விறகு, கூரை, வலை என்று வருஷம் ஓடிப்போனது.

லொரெட்டா ஐந்தடி கூட இருக்கமாட்டாள். முப்பது வருஷம் மீன் ஆலையில் நின்று அறுத்ததில் விரலெல்லாம் கோணியிருந்தது. புருஷன் டெனிஸ் போய்ப் பதினெட்டு வருஷம். ஊரில் பாதிரியார் உட்பட எல்லாரும் அவளுக்குக் "கண்ணு". அம்ப்ரோஸ் மட்டும் "மாப்ளே". வாசலில் யாரோ விட்டுப் போன சாமானைச் சொல்வது போலச் சொல்வாள்.

அவளோடு ஒரே கூரையில் இருப்பது லேசான காரியம் இல்லை. பாதி குடித்து வைத்த டீயைக் கொட்டிக் கோப்பையைக் கழுவிவிடுவாள். சுத்தியலைக் காணோம் என்றால், "எடத்துல இருக்கு" என்பாள். எந்த இடம் என்று சொல்லமாட்டாள். டி.வி.யில் ஹாக்கி ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் அவளுக்கு ஜெபமாலை ஞாபகம் வரும். அவள் மகன் ஜெரார்ட், விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிற அல்பெர்ட்டாவில் இருந்து துணி உலர்த்துகிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அதன் மேல் ஜாம் பாட்டில்களை அடுக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தவர்களிடம், "எம் மவன் அனுப்பின அலமாரி" என்று காட்டுவாள்.

சுகமும் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை துவைத்து உப்புக்காற்றில் விறைத்துக் காய்ந்த விரிப்பில் படுத்தால், வெட்டிய மரம் மாதிரித் தூக்கம் வரும். காலையில் ரொட்டி மாவைத் தட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்து, மேலே கருப்புப் பாகு ஊற்றித் தருவாள். ஓரம் கருகி மொறுமொறுவென்று இருக்கிற ஒன்றைத் தனக்கு எடுத்து வைத்துக்கொள்வாள். அம்ப்ரோஸுக்கும் பிடித்தது அதுதான். அவளுக்கும் அது தெரியும்.

ஒரு அக்டோபரில் லொரெட்டா அடுப்புப் பக்கத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை. நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து நெஞ்சில் பேஸ்மேக்கர் பதித்து அனுப்பினார்கள். இடது கையை ஆறு வாரத்துக்குத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் ஒரு மணி நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "கெர்ட்டிக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

கெர்ட்டி டெனிஸின் அக்கா. அக்கரையில் நேர் எதிர் வீடு, தனிக்கட்டை. ஜன்னல் விளிம்பில் எப்போதும் பைனாகுலர் இருக்கும். பறவை பார்க்க என்று சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெரார்டுக்குப் போன் பண்ணுவாள். போன கோடையில் ஜெரார்ட் வந்தபோது தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: அடுத்த தடவை அம்மாவுக்கு உடம்புக்கு என்று ஏதாவது வந்தால் கையோடு கூட்டிப்போய்விடுவான், வீட்டை விற்றுவிடலாம்.

"அங்க எனக்குத் தரைக்குக் கீழ ஒரு ரூமாம்" என்றாள் லொரெட்டா. "ஜன்னல்ல பாத்தா பக்கத்து வீட்டுக்காரன் கார் சக்கரம் தெரியும். மூச்சு இருக்கிற வரைக்கும் நான் அதையா பாத்துட்டுக் கெடப்பேன்?"

"அதுக்குன்னு எத்தன நாள்மா மறைக்க முடியும்?" என்றாள் மோனா.

"மறைக்கவே வேணாம். பல்லு டாக்டர்கிட்டப் போனேன்னு சொல்லு. திங்கக்கிழம எட்டு மணிக்குத் துணி கொடில இருந்தாப் போதும். அவ வேற எதையும் பாக்க மாட்டா."

"யாரு போடறது? அஞ்சரைக்கு நான் வேலைக்குக் கெளம்பணும்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மோனா கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் இருந்த அம்ப்ரோஸைப் பார்த்தாள்.

"நான் தொட்டா ஒங்களுக்குப் பிடிக்காதே அத்தை" என்றான் அவன்.

"பிடிக்காதுதான்" என்றாள் லொரெட்டா.

முதல் திங்கட்கிழமை, கையைக் கழுத்துத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு அடுக்களை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கையில் மரக்கரண்டி. கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் தப்பு என்று அர்த்தம். பெரிய விரிப்பு முதலில் போக வேண்டும். காலுறை ஜோடி ஜோடியாக, விரல் பக்கம் பிடித்து. கால்சட்டை அடியில் இருந்து. உள்பாவாடை வகையறா எல்லாம் தலையணை உறைக்குள் மறைத்து.

"காத்துப் பட வேணாமா அத்தை?" என்று ஜன்னலைத் திறந்து கேட்டான்.

"காயாட்டாலும் பரவால்ல. அம்பது வருஷமா கெர்ட்டிக்கு என் சைஸ் தெரியாது. இனிமேலும் தெரிய வேணாம்."

அன்றைக்கு முப்பத்தியொரு தட்டு. அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். கை விறைத்துப்போய், வாயில் கிளிப்போடு அவன் திட்டியது கண்ணாடிக்கு உள்ளே கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவளுக்குப் புதிதில்லை. இரண்டாவது திங்கட்கிழமை பதினான்கு.

மூன்றாவது திங்கட்கிழமை அவன் யோசிப்பதை விட்டுவிட்டான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. படகில் நண்டு பிடிக்கும் கூடுகளைக் கயிற்றில் கோத்து இறக்கும்போது கூட்டுக்குக் கூடு ஒரே இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் சிக்கும். இருபத்தைந்து வருஷமாக அதைச் செய்த கை. துண்டு, இழு. துண்டு, இழு. கூடை காலியானபோதுதான் தட்டு ஒன்றுகூட விழவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தான். கிழவி கரண்டியை மடியில் போட்டுவிட்டுக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அத்தனையும் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனான். "டீ ஆறுது" என்றாள். தட்டில் ஓரம் கருகினது அவன் பக்கம் இருந்தது.

அதற்கு எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கெர்ட்டியின் கார் குடாவைச் சுற்றி வந்தது. இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. பின்வாசல் வழியாக வந்து, கோட்டைக் கழற்றாமல் அடுக்களை நடுவில் நின்றாள். கழுத்துத் துணியைச் சுருட்டி ஒளிக்க லொரெட்டாவுக்கு நேரம் இல்லை.

"பல்லு எப்படி இருக்கு லொரெட்டா?"

"பரவால்ல."

"முப்பது வயசுல மொத்தப் பல்லையும் புடுங்கினவளுக்கு மூணு நாள் பல்லு டாக்டரா? அப்பவே எனக்கு இடிச்சுது. சரி, கட்டுப்பல்லுல ஏதோ கோளாறுன்னு விட்டேன். போன வாரம் பாத்தா, துண்டுக்குத் துண்டு அளந்து வச்ச மாதிரி நிக்குது. கொடியா அது? நண்டுக்கூடு எறக்கின மாதிரி! நீ கிளிப்பு மிச்சம் பிடிக்கிறவ, ரெண்டு துணிக்கு ஒரு கிளிப்பு. ஒன் கை என்னிக்குடி அப்படிப் போட்டிருக்கு?" அம்ப்ரோஸ் பக்கம் திரும்பினாள். "என்ன ராசா, நண்டு எத்தன மாட்டுச்சு?"

அம்ப்ரோஸ் தரையைப் பார்த்தான். இவ்வளவு நாள் இழுத்துக் கொண்டுவந்ததைத் தன் கையே கெடுத்துவிட்டது. அல்பெர்ட்டாவில் தரைக்குக் கீழே அந்த ரூம் அவன் கண்ணில் வந்து நின்றது. இந்தக் கிழவியை வீட்டை விட்டு அனுப்பினால் நிம்மதி என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். இப்போது லொரெட்டா பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"நீ ஜன்னல்லதான ஒக்காந்திருந்திருப்ப?" என்று கெர்ட்டி விடவில்லை. "ஒனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றாள் லொரெட்டா.

"பின்ன?"

லொரெட்டா மேஜை விரிப்பில் இல்லாத துணுக்கைத் தட்டிவிட்டாள். "பாக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயில் இருந்து அம்ப்ரோஸுக்கு வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஜெரார்டுக்குச் சொல்லியாச்சா?" என்று லொரெட்டா கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கெர்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழம கேட்டான். ஒங்கம்மா துணி திங்கக்கிழம எட்டு மணிக்கு முன்னாடியே கொடில இருந்துச்சுன்னு சொன்னேன். அதுல பொய் இல்லையே."

"அவ்வளவுதானா?"

"நீ அல்பெர்ட்டா போயிட்டா காலைல எந்திரிச்சு நான் எதப் பாக்கறது? பறவையவா?" கோட்டைக் கழற்றினாள். "ஆனா கிறிஸ்துமஸுக்கு அவன் வர்றப்ப நீயே சொல்லிடணும். எனக்கு இந்த வயசுல சுத்தி வளச்சுப் பேச வராது. டீ கீ ஏதாவது உண்டா, இல்ல பல்லு வலின்னு அதையும் நிறுத்திட்டீங்களா?"

கிறிஸ்துமஸுக்கு ஜெரார்ட் வந்தான். லொரெட்டா தழும்பைக் காட்டினாள். அவன் கத்தினான். நாலு நாள் அம்மா கையால் மூன்று வேளையும் தின்றான். அப்புறம் வீட்டை விற்கிற பேச்சை எடுக்காமலே விமானம் ஏறிவிட்டான்.

ஆறு வாரம் எப்போதோ முடிந்தது. லொரெட்டா கொடியைத் திரும்பக் கேட்கவில்லை. கை இன்னும் விறைப்பாக இருக்கிறது என்றாள். ஜாம் பாட்டிலை உயர அலமாரியில் வைக்கும்போது அந்த விறைப்பை அம்ப்ரோஸ் பார்த்ததில்லை. கேட்கவும் இல்லை. படகு இல்லாத மாசமெல்லாம் திங்கட்கிழமை அவன் தளத்தில் நின்றான், அவள் ஜன்னலில் கரண்டியோடு உட்கார்ந்தாள். வாரத்துக்கு இரண்டு மூன்று தட்டு விழத்தான் செய்தது. தப்பே இல்லாத நாளிலும் ஒன்று விழும். டீயை முன்னைப் போலவே கொட்டினாள். சுத்தியல் முன்னைப் போலவே "எடத்துல" இருந்தது.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. மூன்றாவதில், பிப்ரவரியில், நெஞ்சில் இருந்த மெஷின் நன்றாக ஓடியது, மற்றதெல்லாம் தளர்ந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். கட்டிலை அடுக்களைக்குப் பக்கத்து அறையில், கடல் தெரிகிற மாதிரிப் போட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோனா கடைக்குப் போயிருந்தாள். அம்ப்ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே."

"சொல்லுங்க அத்தை."

"திங்கக்கிழம வரைக்கும் தாங்க மாட்டேன்."

அப்படியெல்லாம் பேசாதீங்க என்று சொல்லலாம். அவளிடம் அந்தப் பேச்சு எடுபடாது. "சரி" என்றான்.

"கெர்ட்டிகிட்டப் போய் யாரும் சொல்லக் கூடாது. போனும் பண்ணாதீங்க. சொன்னா ஒங்க முன்னாடி அழ வேண்டி வரும் அவளுக்கு. தம்பி டெனிஸ் போனப்பக்கூட அவ யார் முன்னாடியும் அழுதது கெடையாது."

"பின்ன எப்படித் தெரியும்?"

லொரெட்டா தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அக்கரையில் கெர்ட்டி வீட்டுப் புகைபோக்கியில் புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"திங்கக்கிழம கொடில ஒண்ணும் போடாத. கூடையவே வெளிய எடுக்காத. எட்டு மணிக்குப் பாப்பா. அவ பாட்டுக்குத் தனியா ஒக்காந்து அழட்டும். பத்து மணி வரைக்கும் அவ வீட்டுப் பக்கம் யாரையும் விடாத. பத்துக்கு மேல நீ போய் இங்க கூட்டிட்டு வா."