நிறுத்தி வைத்த ஏசிகள்

மன்னாரில் எங்கள் அரசாங்கக் கந்தோரின் மின்சாரச் செலவைக் குறைத்துத் தருவதாக எழுத்தில் உறுதி தரும் கம்பனியைத் தெரிவுசெய்யும் குழுவில் நானும் இருந்தேன். போட்டியிட்ட இரண்டு கம்பனிகளும் கட்டடத்தைப் பார்க்க வந்த அன்று, எல்லா ஏசியையும் நிறுத்திவிட்டு, கடற்காற்று வரட்டும் என்று யன்னல்களைத் திறந்து வைத்தோம். யார் சோதிக்க வந்தாலும் அப்படித்தான் செய்வோம், பழக்கம்.

முதலில் வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பாதிச் செலவைக் குறைப்பதாக எழுதித் தந்தார். அடுத்து வந்த பெண் பொறியியலாளர், வியர்த்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார்.

“ஐயா, நாங்கள் வாறம் எண்டு ஏசியை நிப்பாட்டிப்போட்டீங்கள் போல. நீங்கள் வழமையாப் பாவிக்கிறதைப் பாக்காமல், எவ்வளவு மிச்சம் வரும் எண்டு நான் எப்பிடி எழுதித் தாறது?”

“இல்லைப் பிள்ளை, நாங்கள் எப்பவும் இப்பிடித்தான்,” என்றேன்.

அவர் உறுதி எழுதாமலே போய்விட்டார். பாதி என்றவருக்கே நான் கூடின புள்ளி போட்டேன். எதில் பாதி என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையிடம் ஏன் பொய் சொன்னேன் என்பதும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன கிழமை மேலிடத்திலிருந்து மின்சாரச் செலவைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் வாகனச் சத்தம் கேட்டதும் என் கை ஏசி ரிமோட்டைத் தேடியது.