பெரட்டு மணியில் ஏறிய தாலி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு சத்தத்துக்கும் வேலி வந்தது. மேளம் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. வெடி கூடாது. காலையில் நாங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, கணக்கு எழுதும் கிராணி உத்தரவைப் படித்தார். காட்டுக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்த துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் நடமாட்டம் வேலிக் காவல்காரர்கள் காதில் விழ வேண்டுமாம். சரி என்றோம். மலை ஏறிக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை அதே தோட்டம், மேல் லயம். ரிங்லெட் டவுனில் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்துப் பாட்டுப் போட அவருக்கு ஆசை. அது போனது. அவர் விட்டுவிட்டார். அம்மாதான் விடவில்லை.

அம்மா தாலி அறுத்தவள். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது மேளம் சற்று நின்றுவிட்டதாம். அந்த இடைவெளியில் யாரோ தும்மினார்களாம். நான் நடக்கப் பழகும் முன்னே அப்பா காய்ச்சலில் போனார். தும்மலுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை.

எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் போய் நின்றாள்.

“மேளம் இல்லாம எம்மவ கழுத்துல கயிறு ஏறாது கங்காணி.”

“தொரைகிட்ட கேட்டாச்சு தாயி. முடியாதுங்கறாரு. நான் என்னா, வாயாலயா மேளம் அடிக்கிறது?”

“அடிங்களேன். தெனமும் எங்கள கத்துற கத்துக்கு அதுவே போதும்.”

கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர்தான் வழி சொன்னார். “பெரட்டு மணிய யாரும் நிறுத்தலயே லா. அது அடிக்கறப்ப கட்டிடுங்க.”

பெரட்டு மணி என்பது மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. விட்டு விட்டு அடித்தால் வேலைக்கு வா. விடாமல் அடித்தால் காட்டுக்காரன் வந்துவிட்டான், குப்புறப் படு. ஒத்திகை வைத்து வைத்து உடம்புக்கே அது பழகியிருந்தது.

மணி அடிப்பவரிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். “அண்ணே, தும்மல் கிம்மல் கேக்காத மாதிரி நல்லா அடிங்க.”

விடிந்ததும் வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். நல்ல குளிர். அம்மா வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றாள். மணி விட்டு விட்டு விழுந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். மீதி இரண்டும் நாத்தனார் போட வேண்டும். களத்திலிருந்து எங்கள் வாசல் தெரியும். மணிக்காரர் பார்த்திருக்கிறார். கெட்டி மேளம் என்றால் விடாமல் அடிப்பதுதானே. அடித்துவிட்டார்.

எல்லோரும் குப்புற விழுந்தார்கள். நாத்தனார்தான் முதலில். மாப்பிள்ளை என் தோளை அழுத்திக்கொண்டு படுத்தார். கயிறு ஒற்றை முடிச்சில் நின்றது.

அம்மா வெளியே வந்தாள். படுத்துக் கிடந்தவர்களைத் தாண்டி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். மீதி இரண்டு முடிச்சையும் அவளே போட்டாள். தாலி அறுத்தவள் கை படக் கூடாது. எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“மணி நிக்கறதுக்குள்ள” என்றாள்.

காவல்காரர்கள் துப்பாக்கியோடு ஓடி வந்து, சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தவர்களைப் பார்த்துத் திட்டினார்கள். மணிக்காரரை ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் முதல் அவருக்குப் புல்வெட்டு வேலை. மணியை வேறு ஆள் அடித்தான்.

“மேளம் எப்படித் தங்கச்சி?” என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

“தும்மல் கேக்கலண்ணே.”

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் இருமினால் போதும், அம்மா தன் கையைப் பார்ப்பாள். குளிர் மலை. இருமாத ஆள் யார்? “பனிதான்மா” என்பேன். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவேன்.