ஒன்று இல்லாத மிஷின்

என் மருமகள் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர் ஒரு டிபன் டப்பா அளவுதான் இருந்தது. நான் கையோடு ஸ்கேல் கொண்டுபோயிருந்தேன். நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர், அகலமும் அவ்வளவே, உயரம் நாலு. கடையின் விற்பனைப் பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். அளக்காமல் வாங்கிய பொருள்கள் எங்கள் வீட்டில் ஏழு இருக்கின்றன, ஒன்றும் வைத்த இடத்தில் ஒழுங்காக நிற்பதில்லை.

மாடம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு படுக்கையறை, நான்கு பேர், ஒரே ஒரு மேஜை. அந்த மேஜையில்தான் பேத்தி படிக்க வேண்டும். மருமகள் முன்பு ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தவள். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டாள். படப்பையில் ஷெட் கட்டிக் கொடுக்கும் ஒரு இன்ஜினியர், படங்களை வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். பெரிய பெட்டி வைத்தால் மேஜையில் நோட்டுப் புத்தகம் வைக்க இடமிராது. இந்தச் சின்னதைத் திரையின் முதுகிலேயே திருகிவிடலாமாம். மூன்று வாரம் அலசி, போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். "வேலைக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு மாமா" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினைந்து வருஷமாக இருக்கிறான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கூட வந்தான்.

தாம்பரம் கடையில் நான் பெட்டியைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். யுஎஸ்பி ஆறு, திரைக்கு இரண்டு, இன்டர்நெட்டுக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று, ஆகப் பத்து ஓட்டைகள்.

"சி.டி. போட இடமே இல்லையே? வீட்ல நாப்பத்தேழு சி.டி. கெடக்கே" என்றேன்.

"அங்கிள், அதுக்குத் தனியா ஒன்னு வருது. வெளியில சொருகிட்டீங்கன்னா..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"அப்பா சொல்றது கரெக்ட்" என்றான் மகன். "அவசரப்பட வேணாம். அப்புறமா நிதானமாப் பாத்துக்கலாம்."

மருமகள் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து கவுன்டரில் திருப்பி வைத்தாள். வீடு வரும்வரை பதினோரு வேகத்தடை. இன்று காலை எனக்குக் காபி வந்தது, சர்க்கரை அளவு சரியாக இருந்தது, பேச்சுதான் வரவில்லை.

மகன் அதைச் சொன்ன வேகம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே வேகத்தில், அதே போன்ற வார்த்தைகளை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். ஸ்டேஷனிலிருந்து வீடு என் காலடிக்கு ஆயிரத்து நானூற்றுப் பத்து அடி. அப்பா பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். அம்மா கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மிஷினையும் தொடவில்லை.

அந்த வருஷம் அம்மாவுக்கு டைப் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஆள் அனுப்பினார். பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர்களின் கட்டுரைகளை அடித்துக் கொடுக்க நம்பிக்கையான கை வேண்டும், வீட்டில் ஒரு மிஷின் இருந்தால் தாள்களைத் தானே கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அம்மா நேராக அப்பாவிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மாமாவிடம் சொன்னாள். மாமா மோர் சாதத்தின்போது அப்பாவிடம் கேட்டார்.

"தாராளமா வாங்கலாமே" என்றார் அப்பா. "எனக்கும் ஆபீஸ் வேல இருக்கு. வீட்ல ஒன்னு இருந்தா நல்லதுதான்."

அந்த வாரம் முழுவதும் அம்மா வேறு ஆளாக இருந்தாள். மேஜையிலிருந்த என் பள்ளிக்கூடப் புத்தகங்களை ஜன்னலோரத்துக்கு மாற்றினாள். மேஜையை நாடாவால் அளந்தாள். பெரிய மிஷின் வைத்தால் மேஜை முழுவதும் போய்விடும், கையில் தூக்கக்கூடிய சின்ன மிஷின்தான் சரி என்று முடிவு செய்தாள். வேலை முடிந்ததும் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

அப்பா அந்த வாரத்தில் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"சத்தம் கேக்குமே, வீட்டுக்காரர் ஏதாவது சொன்னா?"

"அடியில போர்வைய நாலா மடிச்சுப் போட்டுக்கறேங்க."

மறுநாள், "யார் யாரோ பேப்பரத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்களே?"

"யாரும் வரமாட்டாங்க. மாஸ்டரே குடுத்தனுப்புறேன்னுட்டாரு."

மூன்றாவது கேள்வி அப்பாவிடம் இல்லை.

சனிக்கிழமை மாலை மூன்று பேரும் போனோம். மார்க்கெட் பக்கம் ஒரு குறுகலான கடை. பழைய டைப்ரைட்டர்களைச் சரிபண்ணி விற்பவர் ஒருவர் இருந்தார். அவருடைய பத்து விரலிலும் மசி.

"வாங்க சார், வாங்கம்மா. இன்னா வோணும், பெர்சா, சின்னதா?"

"சின்னதுதாங்க" என்றாள் அம்மா, அப்பாவுக்கு முன்னால்.

கடைக்காரர் இரண்டையும் காட்டினார். பெரியது இரும்புப் பெட்டிபோல உட்கார்ந்திருந்தது. சின்னது சாம்பல் நிறம், மூடி, மேலே ஒரு கைப்பிடி. "இத்த மூடி ஓரமா வெச்சிட்டீங்கன்னா ஆபீஸ் போயி வூடு வந்துரும்மா. தாளு தரேன், அடிச்சிப் பாருங்க."

அம்மா முக்காலியில் உட்கார்ந்து எங்கள் வீட்டு விலாசத்தை அடித்தாள். முதல் வரி தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது வரியில் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை தட்டு என்று எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். என்னால் எண்ண முடியாமல் போன முதல் விஷயம் அதுதான்.

"அடேங்கப்பா! இன்னா ஸ்பீடு! வூட்லயே ஒரு கம்பெனி வெச்சிகினு வெளில சொல்லாம கீறீங்களே சார்" என்றார் கடைக்காரர்.

அம்மா சிரித்தாள். பல் தெரிய, வெட்கமில்லாமல். அப்பாவும் சிரித்தார், உதட்டால் மட்டும். பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய், நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. ரெண்டுலயும் எத்தன கீ இருக்கு, எண்ணிச் சொல்லு."

அப்பா என்னிடம் ஒரு காரியம் ஒப்படைத்தது அதுவரை நடந்ததில்லை. வரிசை வரிசையாக, விரல் வைத்து எண்ணினேன். சரிபார்க்க இன்னொரு தடவை எண்ணினேன்.

"பெரிசுல நாப்பத்தாறு. சின்னதுல நாப்பத்திரெண்டு." அப்புறம் மேல் வரிசையைப் பார்த்துக் கத்தியே விட்டேன். "அப்பா, சின்னதுல ஒன்னே இல்லப்பா! ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்குது!"

கடைக்காரர் உரக்கச் சிரித்தார். "தம்பி கில்லாடி! அது அப்டித்தான் கண்ணு. ஒன்னுக்கு இன்னா பண்ணுவாங்கன்னா..."

"இருய்யா" என்றார் அப்பா. குரல் உயர்ந்திருந்தது. "ஒன்னாம் நம்பரே இல்லாத மிஷின எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. "இன்னா சார், நீங்க போயி இப்டிப் பேசறீங்க?"

"ஏங்க..." என்றாள் அம்மா. மிஷினிலிருந்து தாளை உருவி, ஓரிடத்தில் விரலை வைத்து அப்பா பக்கம் நீட்டினாள். அப்பா தாளைப் பார்க்கவில்லை.

"பெருசு வீட்ல வெக்க முடியாது. சின்னதுல நம்பர் கொறையுது. நல்லதா ஒன்னு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். பையன் சொல்றது சரிதான்." என் தலையில் கை வைத்தார். "இவன் இல்லன்னா இன்னிக்கு ஏமாந்திருப்போம்."

அந்தக் கையின் கனம் இன்னும் என் தலையில் இருக்கிறது. நான் கடைக்காரரை வெற்றியோடு பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவையே பார்த்தாள். ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு தாளை மடிக்காமல் கடை மேஜையில் வைத்தாள். மிஷினின் மூடியைத் தானே எடுத்துப் பொருத்தி, இரண்டு பக்கக் கொக்கிகளையும் அழுத்தினாள். இரண்டு சத்தம் கேட்டது.

மறுநாள் என் புத்தகங்கள் மேஜைக்குத் திரும்பின, போர்வை கட்டிலுக்குப் போனது. மாஸ்டர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை வேறு யாருக்கோ கொடுத்தார். மாமா வந்து கேட்டபோது அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு என்று ஒப்பித்தேன். மாமா என் முதுகில் தட்டினார். அதன் பிறகு வந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டது. எனக்குத் தெரிந்து பதினான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ வேலை இருந்தது. நல்ல மிஷின் ஒன்றும் வரவில்லை. வந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவுமில்லை.

எனக்கு இருபத்தொரு வயதானபோது அம்மா இறந்தாள். கடைசிவரை அந்தக் கடையைப் பற்றி அவள் ஒரு சொல் பேசியதில்லை. என்னைக் கோபித்துக்கொண்டதும் இல்லை. கோபித்திருந்தால் ஏன் என்றாவது யோசித்திருப்பேன்.

இருபத்து மூன்றாவது வயதில் எனக்கு வேலை கிடைத்தது. ஆபீசில் டைப் அடிக்கும் அம்மாளின் மிஷினில் மேல் வரிசை இரண்டிலிருந்து தொடங்குவதைப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் சின்ன எல் எழுத்த அடிச்சா அதான் ஒன்னு" என்றார் அவர். "டைப் கத்துக்கப் போற முதல் வாரமே சொல்லிக் குடுத்துடுவாங்களே சார். இது கூடத் தெரியாமயா இருக்கீங்க?"

கடைக்காரர் சொல்ல வந்து நிறுத்தியது அதுதான். அம்மா தாளில் விரல் வைத்துக் காட்டியதும் எங்கள் கதவு எண்ணில் இருந்த ஒன்றாகத்தான் இருக்கும். விவரம் தெரியாத அப்பாவை நான் எண்ணிக் கெடுத்தேன், அம்மாவின் மிஷினை நானே பிடுங்கினேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அம்மாவிடம் சொல்ல வழியில்லை. அப்பாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து எட்டு வருஷம் தள்ளிப்போட்டேன். அவர் வருத்தப்படுவார் என்று பயந்தேன்.

என் முப்பத்தோராவது வயதில், அப்பா ஓய்வு பெற்ற நாளில், அவரை அழைத்துவர அவருடைய ஆபீசுக்குப் போனேன். அதுதான் முதல் தடவை. மாலை போட்டார்கள், பேசினார்கள், மிக்சர் கொடுத்தார்கள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டர் இருந்தது.

"இத இனிமே யார் பாத்துக்கப் போறாங்களோ" என்றார் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர். "இருபத்தாறு வருஷமா உங்கப்பா வேற யாரையும் தொட விட்டதில்ல. அவர் லெட்டர அவரேதான் அடிப்பாரு. ரெண்டு வெரல்தான், ஆனா ஒரு தப்பு இருக்காது."

நான் குனிந்து பார்த்தேன். மேல் வரிசை இரண்டிலிருந்து தொடங்கியது. பழக்கத்தால் விரல் தானாகப் போய் எண்ணியது. நாற்பத்திரண்டு. நிமிர்ந்தபோது அப்பா கையில் மாலையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணியாச்சா?" என்றார். "வா, டிரெயின் போயிடும்."

தாம்பரம் வரும்வரை நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

எட்டு வயதில் அந்தக் கடையிலிருந்து திரும்பிய மாலை, அப்பா ஸ்டேஷன் வாசலில் எனக்கு வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார். அம்மா எங்களுக்கு ஆறேழு அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். கடையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒன்றை எப்படி அடிப்பது என்று மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. நான் கடலையை ஒவ்வொன்றாக எண்ணித் தின்றபடி, எல்லாருக்கும் முன்னால் நடந்தேன்.