சட்டியில் உடைந்த கண்டம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக டீச்சர். இன்ஸ்பெக்டர் என் பாடத்தைக் கேட்டுச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கோடை லீவோடு மூட்டை கட்டவேண்டியதுதான். நிரந்தரமானால் அம்மா வெயிலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவதை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

புத்தியுள்ளவள் அன்று நதிகளின் பெயரை ஒப்பிக்க வைத்திருப்பாள். எனக்கு அந்தப் புத்தி எங்கே இருந்தது? விழுப்புரத்தில் டிரெயினிங் படித்தபோது ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் வாசித்திருந்தேன்: ஒரு காலத்தில் உலகத்து நிலமெல்லாம் ஒரே கண்டமாக ஒட்டிக் கிடந்ததாம், பிறகு உடைந்து திசைக்கொன்றாக நகர்ந்ததாம். பெரிய படிப்பாளிகளே கேட்டுச் சிரித்தார்கள் என்றும் போட்டிருந்தது. எனக்கோ அது மனசை விட்டுப் போகவில்லை. எப்படி உடைந்திருக்கும் என்று காட்டக் கேப்பைக் கூழே போதும் என்று தோன்றியது.

வகுப்பில் குமுட்டி அடுப்பை மூட்டி, ஆறி ஆடை கட்டிய கூழ்ச்சட்டியை ஏற்றினேன். இந்த ஆடைதான் பழைய கண்டம் என்றேன். அது மூடி போலக் கிடப்பதால் அடியில் சூடு சேரும். நடுவில் உப்பும், மெலியும், கிழியும். கீழே கொதிப்பது மேலே வந்து துண்டுகளை ஆளுக்கொரு பக்கம் தள்ளும். நடுப்பள்ளத்தில் கடல் புகும். அப்படிப் பிரிந்த துண்டுதான் நம் இந்தியா. வடக்கே போய் முட்டியதில் எழுந்ததுதான் இமயமலை. இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆடை உப்பியது. நடுவில் மெல்லிய கீறல் விழுந்தது. பாருங்கள் என்று நான் வாயெடுப்பதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"ஐயையோ, அடி புடிக்குது டீச்சர்!"

கூழ் கிண்டும் துடுப்பை எடுத்து நன்றாகத் துழாவிவிட்டாள். கண்டமும் போயிற்று, கடலும் போயிற்று. கொதிக்கிற கூழைக் கிண்டாமல் வேடிக்கை பார்ப்பது அவள் வீட்டில் குற்றம், என் வீட்டிலும்தான். அவள்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"இப்ப என்னாம்மா பண்ணப் போறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருங்க சார், மறுபடி ஆடை கட்டும். மறுபடி ஒடையும்." சட்டியை இறக்கி வைத்தேன்.

"பூமியும் அப்பிடித்தானா? சேந்து சேந்து ஒடையுமா?"

"தெரியாது சார்."

அன்று யாருக்குமே தெரியாது. கண்டங்கள் பலமுறை சேர்ந்து பிரிந்திருக்கின்றன என்று இப்போது எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் அந்தத் துடுப்புக்காரியை நினைத்துச் சிரிப்பேன்.

இன்ஸ்பெக்டர் பிடிக்கவேண்டிய விழுப்புரம் ரயிலுக்கு நேரமாயிற்று என்று வாசலில் வந்து நின்ற தலைமையாசிரியை ஜாடை காட்டினார். இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஆனால் மனிதர் வாசல் பக்கம் போகவில்லை. அடுப்பருகே வந்து பிள்ளைகளோடு குந்திக்கொண்டார்.

ஆடை கட்டியது. மறுபடி அடுப்பில் ஏற்றினேன். உப்பியது, கிழிந்தது. ஒரு துண்டு நழுவிப் போய்ச் சட்டி விளிம்பில் முட்டி மடிந்தது. "இமயமலை! இமயமலை!" என்று வகுப்பே கத்தியது. துடுப்புக்காரியின் கைகளை இரண்டு பேர் இறுகப் பிடித்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பரீட்சைக்கு மட்டும் புஸ்தகத்துல இருக்கறதயே சொல்லிக் குடுங்க. அப்பறம், அடுத்த வருஷம் நான் வர்றப்ப பெரிய சட்டியா வைங்கம்மா. பின்னாடி ஒக்காந்தா ஒண்ணும் தெரியல."

அடுத்த வருஷம் என்றார். தற்காலிக டீச்சரிடம் யாரும் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும், பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கத்தினேன்.