காப்பு மாறிய கை

ஈரத் துணியின் வாசனை வந்தால் எனக்குக் கொடியில் காயும் வேட்டி சேலை நினைவுக்கு வருவதில்லை. எங்கள் ஊரான பரவையில் எங்கள் மளிகைக் கடையை ஒட்டிய காலி மனையில் போட்டிருந்த சினிமாக் கூடாரமும், படம் தொடங்குமுன் வெள்ளைத் துணித் திரைமேல் வாளி வாளியாகத் தண்ணீர் வீசும் ஆளும்தான் நினைவுக்கு வரும். துணி நனைந்தால் பின்பக்கமிருந்தும் படம் நன்றாகத் தெரியும். முன்னால் உட்காரச் சீட்டு வேண்டும். பின்னால் மண்ணில் உட்காருவதற்கு வேண்டாம். படம் பேசாத காலம், ஆகையால் பின்னால் இருந்தவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை, இடது கை வலது கையாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அதற்கு முந்தின மார்கழியில் பெருமாள் மாட்டுக்காரக் குடும்பம் ஒன்று கண்மாய்க் கரையில் தங்கியிருந்தது. புருஷன் வீரய்யா, பெண்டாட்டி நாகம்மா, குறி கேட்டால் தலையாட்டும் மாடு, அந்த மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டே திரியும் சின்னப் பெண் குழந்தை. அவளைக் "குட்டி" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவர்கள் குடும்பத்தில் பெண் பிறந்தால் பெருமாள் பேரைச் சொல்லி இடது கையில் செப்புக் காப்புப் போடுவார்கள். ஆண் என்றால் வலது கை. ஊர் ஊராய்ப் படம் பிடித்துத் திரிந்த ஒரு வெள்ளைக்காரர் அவர்களுடைய அன்றாடப் பாடுகளை எல்லாம் படமாக்கினார்: நாகம்மா மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சுவது, வீரய்யா மாட்டுக்குக் கொம்பில் துணி சுற்றுவது, குட்டி மாட்டைத் தண்ணீருக்குக் கூட்டிப் போவது. சித்திரையில் அழகரைப் பார்க்கப் போன இடத்தில் பேதி கண்டு குட்டி போய்விட்டாள்.

பெரிய படத்துக்கு முன்னால் காட்டும் துண்டுப் படமாக அது எங்கள் ஊர்க் கூடாரத்துக்கே வந்து சேர்ந்தது. சேதி எப்படி எட்டியதோ, இருவரும் மாட்டோடு வந்துவிட்டார்கள். கடை வாசலில் நின்று நாகம்மா எங்கள் அம்மாவிடம் சொன்னாள்: "தாயி, எம்புள்ள மூஞ்சி மறந்துக்கிட்டே வருது. கண்ண மூடுனா மாடு தெரியுது, அவ தெரியல. ஒருவாட்டி பார்த்துட்டாப் போதும்."

வழக்கம்போல அவர்கள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் முன்னால். திரையில் மாடு தலையாட்டியதும் கூட்டத்தில் ஒருவன், "மாப்ள, பொண்ணு கெடைக்குமான்னு கேட்டியே, மாடே சரின்னுருச்சுடா!" என்று கத்த, கூடாரமே சிரித்தது. அடுத்து குட்டி வந்தாள். உடனே துணிக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல்.

"இது எம்புள்ள இல்ல!"

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். நாகம்மா திரையைக் கைகாட்டினாள். "காப்பு வலது கையில கெடக்கு தாயி. எதுவோ எம்புள்ள மூஞ்சியப் போட்டுக்கிட்டு வந்திருக்கு."

"அடி கிறுக்கி, பின்னாலருந்து பார்த்தா எல்லாம் மாறித்தாண்டி தெரியும். நாளைக்கு எங்கூட முன்னால வந்து உக்காரு."

மறுநாள் நாங்கள் நாகம்மாவோடு நுழைந்ததும் கூடாரக்காரர், "அக்கா, அடுத்து மாட்டையும் கூட்டியாந்துறாதீங்க" என்று முனகினார். "வந்தா நீங்க எந்திரிச்சு எடம் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

நாகம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டி வந்தாள், காப்பு இடது கையில், இருந்தது இருந்தபடியே. இனிச் சந்தோஷப்படுவாள் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ, குட்டி தண்ணீரை எட்டுமுன்பே என் கையை விட்டுவிட்டு எழுந்து, திரையைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டாள்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டாள்: "ஏண்டி, சரியாத்தான தெரிஞ்சுச்சு?"

"சரியாத்தான் தெரிஞ்சுச்சு தாயி. முன்னால தெரியிறது இருந்த புள்ள. அவளத்தான் குழியில வச்சு மண்ணத் தள்ளிட்டு வந்தேனே. பின்னால தெரியிறவ இப்ப இருக்கிறவ. போன எடத்துல எல்லாம் மாறித்தான இருக்கும்?"



ஓர் இடத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்காத அந்தக் குடும்பம், கூடாரம் இருந்தவரைக்கும் எங்கள் ஊரை விட்டு நகரவில்லை. பொழுது சாய்ந்தால் நாகம்மா ஈரத் துணிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள். பிறகு கூடாரத்தைப் பிரித்து மாட்டு வண்டியில் ஏற்றி வாடிப்பட்டிப் பக்கம் கொண்டுபோனார்கள். வண்டிக்குப் பின்னாலேயே அந்தத் தலையாட்டும் மாட்டின் சலங்கைச் சத்தமும் போனது. திரும்பி வரவே இல்லை.

இன்று அந்த மனையில் மாடி வீடு இருக்கிறது. பெருமாள் மாடு எங்கள் தெருவுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் வீட்டுக்காரரின் படம் பூஜை அறையில் மாட்டியிருக்கிறது. எதிரே பீரோக் கண்ணாடி. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்பினால், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருக்க, அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பார். விளக்குக்கு எதிரே கண்ணாடி வேண்டாமே, பீரோவை நகர்த்திவிடலாம் அத்தை என்கிறாள் மருமகள்.

இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டேன்.